பின் இருக்கையில் ராய்

நார்த் ஷீல்ட்ஸ்
அக்டோபர் 9, 2011

திரு. ஹெட்லி அவர்களுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் படகுத்துறை அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது முன்பின் தெரியாத ஒரு பண்ணைக்காரர் கூப்பிட்டார். "உங்க அப்பா எங்க மாட்டுக் கொட்டகையில உட்காந்திருக்கார்மா. முழங்கால்ல ரத்தம். பேரு கேட்டா ராய்னு சொல்றார். வீடு எங்கேன்னா சொல்லத் தெரியலை. கோட்டுல உங்க நம்பர் தைச்சிருந்தது" என்றார். அந்த நம்பரைத் தைத்தவள் நான்தான். இங்கிலாந்தின் இந்தக் கோடியில் இருக்கும் எனக்குத் தகவல் வருகிறது. அவரைக் கூட்டிக்கொண்டு போன நீங்கள் அந்த நேரத்தில் குன்றின் மேல் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தீர்களாம். அதையும் அந்தப் பண்ணைக்காரர்தான் சொன்னார்.

ஆகஸ்டில் வந்திருந்தபோது உங்களிடம் என்ன சொன்னேன்? மறதி நோய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், இனி சைக்கிளில் குன்று மேலே கூட்டிப் போகாதீர்கள், ஊருக்குள் ஓட்டினால் போதும் என்றேன். நீங்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தலையாட்டினீர்கள். பக்கத்து வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று அந்தத் தலையாட்டலை நம்பித்தான் ரயிலேறினேன்.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. அந்த மேட்டுப் பாதையில் ஒரு சக்கிமுக்கிக் கல்லில் தலை மோதினால் போதும். தயவுசெய்து அவருடைய சைக்கிளை எடுத்துப்போய் உங்கள் கொட்டகையில் பூட்டி வையுங்கள். சாவி அவர் கண்ணில் படவே கூடாது.

மெரியல்

*

ஆஷ்கோம்ப், வில்ட்ஷயர்
அக்டோபர் 14

அன்புள்ள மெரியல்,

உன் கடிதத்தில் 'திரு.' போட்டிருந்தாய். யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்து உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். பீச் மரத் தோப்பைத் தாண்டும்போது கல் கிழித்து என் டயர் போனது. "நீ ஒட்டிட்டு வா, நான் மெதுவா உருட்டிட்டு இருக்கேன்" என்றான் உன் அப்பா. முப்பது வருஷமாக யாருக்குப் பஞ்சர் ஆனாலும் மற்றவன் சொல்வது அதுதான். பந்தயக் குதிரைகள் ஓடும் புல்வெளிக்குப் பக்கத்தில் பாதை பிரிகிற இடத்தில் நாங்கள் எப்போதும் வலது பக்கம் போவோம். அன்றைக்கு அவன் இடது பக்கம் இறங்கியிருக்கிறான். டியூபை ஒட்டி நிமிர்ந்தால் குன்று முழுக்க ஆடுகள், ஆளைக் காணோம். அதன் பிறகு எனக்கு எப்படி இருந்தது என்பதை நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சமையலறையில் அவன் என்னைப் பார்த்து, "டீ உங்களுக்கா, அவருக்கா?" என்று கேட்கிறான். அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. ஆனால் அன்று காலை சரிவில் இறங்கும்போது, மழையில் பாதையின் சுண்ணாம்பு மண் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டிருந்தது, பின்னாலிருந்து கத்தினான்: "உடம்பைப் பின்னாடி தள்ளுடா மடையா, முன் பிரேக்கைத் தொடாதே." அவன் சொன்னபடி செய்ததால்தான் நான் விழவில்லை. வீட்டில் தொலைத்ததையெல்லாம் அவன் அங்கே போய் எடுத்துக்கொள்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. டாக்டருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. தோன்றியதைச் சொன்னேன்.

நீ கேட்டபடி செய்துவிட்டேன். மதியம் அவன் தூங்கும்போது சைக்கிளை என் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். சக்கரம் டிக் டிக் என்று சத்தம் போட்டால் விழித்துவிடுவான் என்று தூக்கிக்கொண்டே நடந்தேன்.

ஹெட்லி

*

நார்த் ஷீல்ட்ஸ்
நவம்பர் 2

அன்புள்ள ஹெட்லி,

சைக்கிளை எடுத்ததற்கு நன்றி. இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

வீட்டில் தொலைத்ததை அங்கே எடுத்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் அவர் எப்போது இருந்தார்? என் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் உங்களோடு ரிட்ஜ்வே குன்றுப் பாதையில் இருப்பார். அம்மா உருளைக்கிழங்கு வறுத்து, அது ஆறி, மறுபடி அடுப்பில் வைத்து, கடைசியில் நானும் அவளும் மட்டும் சாப்பிடுவோம். "உங்கப்பா வந்துட்டே இருப்பார்" என்பாள். ஒரு தடவையாவது என்னைக் கூட்டிப் போகச் சொல்லி அழுதிருக்கிறேன். "உன் கால் எட்டாது" என்றார். எட்டுகிற வயது வந்தபோது எனக்கு ஆசை போய்விட்டது.

சரி, அதைக்கூட விடுங்கள். அம்மா போன அன்று அவர் எங்கே இருந்தார்? நான் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். அம்மாவோடு இருந்தது ஒரு நர்ஸ். அப்பா உங்களோடு பார்பரி கோட்டைக்கு மேலே இருந்தார். நான் வீட்டுக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவர் வந்தார். முழங்கால் வரைக்கும் சுண்ணாம்புச் சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. அந்தக் காலோடு அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் குன்றுகளைப் பற்றி யாராவது அழகு என்று சொன்னால் எனக்கு அந்தக் கால்கள்தான் ஞாபகம் வருகின்றன.

எனவே உங்கள் இருவருடைய சந்தோஷத்துக்காக என்னிடம் வாதாட வேண்டாம்.

மெரியல்

*

ஆஷ்கோம்ப்
நவம்பர் 20

அன்புள்ள மெரியல்,

பல தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். பஸ் ஓட்டியவனுக்கு எழுத்து அவ்வளவுதான் வரும்.

முதலில் உன் அப்பா. தினமும் காலையில் எழுந்ததும் தன் கொட்டகைக்குப் போகிறான். கதவைத் திறந்து பார்க்கிறான், சாத்துகிறான். பிறகு தெருவில் இறங்கி எல்லாரிடமும் சைக்கிள் களவு போய்விட்டது என்கிறான். போன வாரம் கடையில் நான் ரொட்டி வாங்கிக்கொண்டிருக்கும்போதே கடைக்கார அம்மாளிடம் சொன்னான்: "இதோ நிக்கிறானே, இவன்தான் எடுத்தான். ரொம்ப நாளாவே இவனுக்கு அது மேல கண்ணு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சொன்னது உண்மைதானே. வாங்கிய ரொட்டியை அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அடுத்தது உன் அம்மா, மார்ஜரி. அவன் இதை உன்னிடம் சொல்லியிருப்பான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அன்று காலை உன் அம்மா நர்ஸை அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். போனேன். அவன் கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். நாலைந்து நாளாகவே அப்படித்தான். மார்ஜரி என்னிடம் சொன்னது இது: "ஹெட்லி, இவரை எங்கேயாவது கூட்டிட்டுப் போ. அங்கேயே நின்னு நான் மூச்சு விடறதையே பார்த்துட்டு இருக்கார். எனக்கு மூச்சு விடவே கூச்சமா இருக்கு." அவன் அசையவில்லை. "நான் எங்கேயும் போகலை" என்றான். "போய்ட்டு வாங்க. மெரியல் வர்ற நேரத்துக்கு வந்தா போதும். கொஞ்சம் தூங்கிக்கிறேன்" என்றாள். மூன்று தடவை சொன்ன பிறகுதான் ஷூவைப் போட்டான். முடிவு அன்றைக்கே என்று டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. மேலே ஏறுகிற வழியில் ஒரு இடத்தில் இறங்கி, சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு ஊர் இருக்கும் பக்கத்தைப் பார்த்து நின்றான். போகலாமா என்று கேட்டேன். "அவ தூங்கட்டும்" என்றான்.

உன்னை மாற்றுவதற்காக இதை எழுதவில்லை. உன் அம்மா பேசிய பேச்சு உனக்குச் சேர வேண்டியது.

ஹெட்லி

*

நார்த் ஷீல்ட்ஸ்
ஜனவரி 4, 2012

அன்புள்ள ஹெட்லி மாமா,

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது உங்களிடம் நடந்துகொண்ட விதத்துக்கு மன்னிப்புக் கேட்கத்தான் இது. நீங்கள் வாசலில் நின்று, பார்வை இல்லாதவர்களைக் கூட்டிப் போகும் சங்கத்தில் ஒரு இரட்டை சைக்கிள் இருக்கிறது, குன்றில் ஓட்டுவதற்கென்றே செய்தது, கேட்டால் தருவார்கள் என்று சொன்னீர்கள். நீங்கள் முடிப்பதற்குள் கதவைச் சாத்தினேன். வெளியே அவ்வளவு பனி. ஜன்னல் வழியே பார்த்தேன், கொண்டுவந்த பன்றி இறைச்சிப் பலகாரத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

உங்கள் நவம்பர் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன். அப்பாவிடம் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். கேட்டேன். "அம்மாதான் உங்களைப் போகச் சொன்னாளாப்பா?" "மார்ஜரி கடைக்குப் போயிருக்கா. இப்ப வந்துடுவா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க சைக்கிள் விஷயமா வந்தீங்களா?" என்று கேட்டார்.

கேட்டிருக்க வேண்டிய காலத்தில் நான் அவரோடு பேசவே இல்லை, மாமா. பேசும்போது அவரிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை தன் வெறும் கொட்டகையில் நின்றிருந்தார். கை இரண்டையும் நீட்டி, எதையோ பிடித்துக்கொண்டிருப்பதைப் போல விரல்களை மடக்கி மடக்கி விரித்தார். பிரேக் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்த இரட்டை சைக்கிளைக் கேட்டு வாங்குங்கள். முன்னால் நீங்கள், பின்னால் அவர். மேலே சமமாக இருக்கிற பகுதியில் மட்டும். மழை பெய்தால் கூடாது. ஹெல்மெட் கட்டாயம். ஒவ்வொரு தடவையும் நடந்ததை மறைக்காமல் எனக்கு எழுத வேண்டும்.

மெரியல்

*

ஆஷ்கோம்ப்
மார்ச் 18

அன்புள்ள மெரியல்,

மறைக்காமல் எழுதச் சொன்னாய். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விழுந்தோம். ஒரு கீறல் இல்லை. மீதியைப் படி.

குளிர் விட்டு, பாதை காய்ந்து, நேற்றுதான் நல்ல நாள் கிடைத்தது. சங்கத்து வண்டியில் சைக்கிளை மேலே கொண்டுவந்து தந்தார்கள். உன் அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து சங்கிலியை விரலால் தொட்டுப் பார்த்தான். "எண்ணெய் காணாது" என்றான். காணாதுதான். போட்டேன். ஏறி உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் ஆரம்பித்தான்.

"என்னடா இது, எனக்கு உன் முதுகு மட்டும்தான் தெரியுது."

"அதையே பார்த்துட்டு வா."

"பார்க்கச் சகிக்கலை. என் பிரேக் எங்கே?"

"ரெண்டும் என்கிட்டதான் இருக்கு."

"இருக்கும். கடையில வெச்சே சொன்னேன், யார் கேட்டாங்க."

ஆனால் கால் மட்டும் நிற்கவில்லை, மெரியல். என்ன மிதி தெரியுமா? என்னைவிட ஆறு வயது பெரியவன், அவன்தான் என்னை மேட்டில் தள்ளிக்கொண்டு போனான். வானம்பாடிகள் எங்களுக்கு மேலே கத்திக்கொண்டிருந்தன. புல்வெளியைத் தாண்டியதும் டிராக்டர் போன பள்ளத்தில் தண்ணீர் நின்றிருந்தது. நான் ஓரமாகத் திருப்பினேன், அவன் நேராகச் சாய்ந்தான். அப்படியே மெதுவாக, மரம் சாய்கிற மாதிரி, இரண்டு பேரும் பக்கத்துப் புல்லில் போய்ச் சேர்ந்தோம். எழுந்திருக்க முடியவில்லை, சிரிப்பு. அவன் சிரித்து எத்தனை மாதம் ஆகிறது. குதிரைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் வேலியோரம் வந்து, "ஐயா, யாரையாவது கூப்பிடட்டுமா?" என்றாள். உன் அப்பா படுத்தபடியே, "வேண்டாம்மா. வெயில் நல்லா இருக்கு, படுத்திருக்கோம்" என்றான்.

திரும்பி வரும்போது ஊர் தெரிந்ததும், "மார்ஜரிக்கு இந்தக் காத்து ஒத்துக்காது. அவளைக் கூட்டிட்டு வந்தா சால்வை எடுத்துக்கணும்" என்றான். எடுத்துக்கலாம் என்றேன்.

ஹெட்லி

*

நார்த் ஷீல்ட்ஸ்
ஏப்ரல் 22

அன்புள்ள மாமா,

இதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆகிவிட்டது.

அப்பா மின்சாரக் கெட்டிலைக் கேஸ் அடுப்பில் வைத்துப் பற்ற வைத்தது உங்களுக்கும் தெரியும். நீங்கள்தான் ஓடிப்போய் அணைத்தீர்கள். அடுத்த தடவை நீங்கள் கடையில் இருப்பீர்கள், அல்லது தூங்கிக்கொண்டிருப்பீர்கள். அப்பா தனியாக இருக்கிற காலம் முடிந்துவிட்டது. இங்கே என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் முதியவர்களைக் கவனித்துக்கொள்கிற ஒரு இல்லம் இருக்கிறது. இடம் கிடைத்திருக்கிறது. மே 12 அன்று வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நீங்கள் அவருக்குச் செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. மகள் செய்ய வேண்டியதைப் பக்கத்து வீட்டுக்காரர் செய்துகொண்டிருக்கிறார். அதுவும்தான் என்னை உறுத்துகிறது. அவருக்கு நான் யார் என்பது முழுக்க அழிவதற்கு முன்னால் கொஞ்ச நாளாவது அவர் என் பக்கத்தில் இருக்கட்டும்.

மெரியல்

*

ஆஷ்கோம்ப்
ஏப்ரல் 27

மெரியல்,

நீ என்னைக் கேட்கவில்லை, எனக்கு அறிவித்திருக்கிறாய். மகள் நீ, உனக்கு உரிமை உண்டு. எனக்கு என்ன உரிமை என்று யோசித்துப் பார்த்தேன். கடைசியில் ஒன்றும் இல்லை.

கடலோரத்தில், அவன் ஒரு நாளும் கால் வைக்காத ஊரில், ஒரு அறைக்குள் அவனை உட்கார வைக்கப் போகிறாய். இங்கே பாதை தெரியாமல் போனாலும் ஆடு தெரியும், மண் தெரியும். அங்கே அவன் எதைப் பிடித்துக்கொள்வான்? அடுப்பைப் பற்றி நீ சொல்வது சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதால் நான் ஒத்துக்கொண்டேன் என்று ஆகிவிடாது.

சாமான் கட்டுகிற அன்று எனக்கு அரை நாள் கொடு. அவனை மேலே கூட்டிப் போய்விட்டு வந்து உன்னிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.

ஹெட்லி

*

ஆஷ்கோம்ப்
ஆகஸ்ட் 13

அன்புள்ள மெரியல்,

உன் அப்பாவைப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஸ்டேஷனில் நீ கொடுத்த ரொட்டிக்கு நன்றி. அங்கே உன்னிடம் சரியாகப் பேச முடியவில்லை. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விட்டதற்கும் நன்றி.

நீ டாக்டரிடம் பேசப் போயிருந்தபோது நடந்தது இது. நான் அவன் அறைக்குள் போய், "என்னடா ராய்" என்றேன். அவன் எழுந்து நின்றான். மரியாதையாக எழுந்து நின்றான், அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "வாங்க. ரேடியேட்டர் பார்க்க வந்தீங்களா? அந்த மூலையில இருக்கு. ரெண்டு நாளாச் சத்தம் போடுது" என்றான்.

நான் ஹெட்லி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் ஞாபகப்படுத்திப் பார்ப்பான், வராது, பயந்துபோவான். அதனால் மூலையில் முழங்காலிட்டு உட்கார்ந்து அறையைச் சூடாக்கும் அந்தக் குழாயை நாலு தட்டுத் தட்டினேன். "சரியாயிடுச்சு, ஐயா" என்றேன். "ரொம்ப நன்றி. உங்க ஆளுங்க சீக்கிரமே வந்துட்டீங்க" என்று கை கொடுத்தான். அந்தக் கை மட்டும் அப்படியே இருக்கிறது, உள்ளங்கையில் பழைய காய்ப்போடு.

இனி நான் வர மாட்டேன் என்று நினைக்கிறேன். கோபம் இல்லை. அவன் நன்றாக இருக்கிறான், சுத்தமாக இருக்கிறான், நீ தினமும் போகிறாய் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். ஏப்ரலில் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரிட்ஜ்வேக்குப் போகிறேன். பாதை பிரிகிற இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு வலது பக்கம் போகிறேன்.

ஹெட்லி

*

நார்த் ஷீல்ட்ஸ்
செப்டம்பர் 23

அன்புள்ள ஹெட்லி மாமா,

உங்கள் முகம் அவருக்குத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நேற்று நடந்ததை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

டைன்மத் கடற்கரையில் வாடகைக்கு இரட்டை சைக்கிள் விடுகிறார்கள். பல தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். நேற்று இல்லத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு அப்பாவை அங்கே கூட்டிப் போனேன். நான் சைக்கிளில் ஏறியே இருபது வருஷம் இருக்கும். அதுவும் முன் இருக்கையில். கடைப் பையன் பிடித்துக்கொண்டான். அப்பா அவனை ஒதுக்கிவிட்டு, தானாகவே காலைத் தூக்கிப் பின்னால் உட்கார்ந்தார். வண்டி கொஞ்சம் தள்ளாடியது. பிறகு பின்னாலிருந்து அந்த மிதி வந்தது. நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதுதான். அப்பாவின் பலத்தில் நான் போனது அதுதான் முதல் தடவை.

கடற்கரைப் பாதை நேராக, சமமாக இருந்தது. இடது பக்கம் மணல் வெள்ளையாக விரிந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் பேசினார்.

"ஹெட்லி, இன்னிக்கு ஏன் இவ்ளோ மெதுவா போறே?"

நான் மிதியைக் கொஞ்சம் வேகப்படுத்தினேன்.

"ஹெட்லி. காது கேக்கலையா?"

"கேக்குது" என்றேன்.

"சுண்ணாம்பு நல்லாக் காஞ்சிருக்கு. இன்னிக்கு வழுக்காது. கல்லைப் பார்த்துப் போ."

கடல் பக்கம் அவர் திரும்பவே இல்லை என்று நினைக்கிறேன். அவருக்கு அங்கே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பிறகு நிறையப் பேசினார். வேலிக் கதவைச் சாத்தாமல் போகிறவர்களைத் திட்டினார், உங்கள் கியரைத் திட்டினார். எதிரே வந்த ஒருவருக்கு வழிவிட்டு, குதிரைக்காரர் என்று நினைத்துக் காலை வணக்கம் சொன்னார். அவர் முன்னால் யார் உட்கார்ந்து மிதித்தாலும் அது நீங்கள்தான், மாமா. அது எங்கேயும் போகவில்லை. அதை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்னும் ஒன்றும் இருக்கிறது. பாதை முடிய இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. அவர் என் தோள் பக்கம் குனிந்து, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதைப் போல மெதுவாகச் சொன்னார்:

"மெரியல்கிட்ட சொல்லிடாதே. தெரிஞ்சா சைக்கிளைப் பூட்டி வெச்சிடுவா."

"சொல்லலை" என்றேன்.

"அவ மேல தப்பு இல்லை. நான் விழுந்துடுவேன்னு பயம். அவங்க அம்மா மாதிரி."

"சொல்ல மாட்டேன், ராய்."

அதோடு திருப்தியாக மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தார். நிறுத்தினால் இறங்கி என் முகத்தைப் பார்த்துவிடுவார் என்று, பாதை முடிகிற இடத்திலும் நான் நிற்கவில்லை. அப்படியே வளைத்துத் திருப்பி, வந்த வழியே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மெரியல்